ஈடி போடலாமா, வேண்டாமா? சீனியர் இயரில் கையில் இருக்கும் வழிகள்

ஆகஸ்ட் 1ஆம் தேதி, பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் திறக்கும்போது, அமெரிக்கப் பள்ளியில் சீனியர் (பன்னிரண்டாம் வகுப்பு) ஆகப்போகும் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டில் மூன்று வருட மதிப்பெண் ஏறி முடிந்திருக்கும். ஒன்பதாவதில் வாங்கிய 'பி'யை இனி யாராலும் அழிக்க முடியாது. அங்கிருந்து நவம்பர் 1 வரை பதின்மூன்று வாரம். அதற்குள் எஸ்ஏடி நுழைவுத் தேர்வை இன்னொரு முறை எழுதலாம், கட்டுரைகளைச் செதுக்கலாம், கல்லூரிப் பட்டியலை மாற்றலாம், எந்தக் கல்லூரிக்கு எந்தச் சுற்றில் அனுப்புவது என்று தீர்மானிக்கலாம். பெரும்பாலான வீடுகளில் முதல் இரண்டுக்கே நேரமெல்லாம் போகிறது. பட்டியலும் சுற்றும் அக்டோபர் கடைசி வாரத்தில், தூக்கக் கலக்கத்தில் முடிவாகின்றன. வாய்ப்பை அதிகம் நகர்த்துவது அந்தக் கடைசி இரண்டும்தான்.

சுற்றுகளில் பெரிய முடிவு ஈடி, அதாவது எர்லி டிசிஷன். ஊர்ச் செய்தி படிப்பவர்களுக்கு ஈடி என்றதும் ரெய்டுதான் ஞாபகம் வரும், இது வேறு. ஆனாலும் இரண்டுமே வீட்டுக் கணக்கைத் தோண்டிப் பார்க்க வைக்கும்.

எந்தச் சுற்று எதைக் கட்டிப்போடுகிறது

ஈடியில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அனுப்பலாம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, பதில் டிசம்பர் நடுவில். இடம் கிடைத்தால் போயே தீர வேண்டும். மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் என மூன்று பேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். மீறினால் கோர்ட், கேஸ் என்று எதுவும் வராது. ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் பிள்ளைகளையும் அது பாதிக்கலாம் என்பதால் கவுன்சிலர்கள் இதில் கறாராக இருப்பார்கள்.

ஈடி2 இதே ஒப்பந்தம்தான். கடைசித் தேதி ஜனவரி முதல் வாரம், பதில் பிப்ரவரி நடுவில். வாண்டர்பில்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, டஃப்ட்ஸ், என்ஒய்யூ, செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இது உண்டு.

எர்லி ஆக்‌ஷன் (ஈஏ) எதையும் கட்டிப்போடாது. முன்னதாக அனுப்புகிறீர்கள், முன்னதாகப் பதில் வருகிறது, மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நான்கிலும் இருப்பது ஈஏயின் கட்டுப்படுத்தப்பட்ட வகை: கிடைத்தாலும் போக வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் அதே சமயம் வேறு தனியார் கல்லூரிக்கு எர்லியில் அனுப்பக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஈஏ அனுப்பலாம். இந்த விலக்கு பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டான்ஃபோர்டுக்கு எர்லி அனுப்பிவிட்டு பர்டூ, மேரிலாந்து, இல்லினாய் மூன்றையும் ரெகுலர் எனும் வழக்கமான கடைசிச் சுற்றுக்குத் தள்ளிவைத்து, அங்கே கிடைத்திருக்க வேண்டியதையும் கோட்டைவிடுகிறார்கள்.

ஈடி போட்டவர்கள் மற்ற இடங்களுக்கு ஈஏ அனுப்பத் தடையில்லை. மேலே சொன்ன கட்டுப்படுத்தப்பட்ட ஈஏயும் ஜார்ஜ்டவுனும் விதிவிலக்கு: அங்கே ஈஏ போட்டால் வேறெங்கும் ஈடி போடக் கூடாது.

ரெகுலரில் கடைசித் தேதி ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி, பதில் மார்ச் கடைசியில்.

ஈடியில் உண்மையான லாபம் எவ்வளவு

கல்லூரி வெளியிடும் ஈடி விகிதத்தை அப்படியே நம்பக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு கல்லூரிக்கு ஈடியில் 1,000 பேர் விண்ணப்பித்து 200 பேருக்கு இடம், அதாவது 20 சதவீதம். ரெகுலரில் 10,000 பேர், 600 இடம், 6 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல் லாபம்போலத் தெரிகிறது. ஆனால் அந்த 200 பேரில் 80 பேர் கோச் முன்பே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள் என்று வையுங்கள். அவர்களுக்கு விண்ணப்பம் ஒரு சம்பிரதாயம். அவர்களைக் கழித்தால் 920 பேருக்கு 120 இடம், சுமார் 13 சதவீதம். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளையும் கழித்தால் இன்னும் இறங்கும். ஆக, மூன்று மடங்கு என்று தெரிந்தது இரண்டு மடங்குக்கு வந்துவிடுகிறது. அதுவும் சிறிய லாபமல்ல. சீனியர் இயரில் வேறு எந்த ஒற்றைச் செயலும் இவ்வளவு தராது.

கல்லூரிகள் ஏன் இதைத் தருகின்றன என்பது தெரிந்தால் எங்கே போடுவது என்பதும் தெரியும். ரெகுலரில் 100 பேருக்கு இடம் கொடுத்தால் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்று கல்லூரிக்குத் தெரியாது. ஈடியில் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுவார்கள். அதனால்தான் சில தனியார் கல்லூரிகள் வகுப்பில் பாதியையோ அதற்கு மேலோ ஈடியிலேயே நிரப்பிவிடுகின்றன. எப்படியும் வந்து சேர்வார்கள் என்ற நம்பிக்கை உள்ள பெரிய பெயர்களுக்கு இந்த உறுதி அவ்வளவாகத் தேவையில்லை. அவற்றுக்கு ஒரு படி கீழே, ரெகுலரில் இடம் கொடுத்தவர்களை வேறு கல்லூரிகளிடம் இழக்கும் இடங்களில்தான் ஈடிக்கு எடை அதிகம். பிள்ளையின் எண்கள் அந்தக் கல்லூரியின் நடு வரம்புக்குள் (சேர்ந்தவர்களில் நடுப் பாதிப் பேரின் மதிப்பெண்கள்) இருந்தால் ஈடி தள்ளிவிடும். வரம்புக்கு மிகக் கீழே இருந்தால் இரண்டால் பெருக்குவதற்கே அங்கே ஒன்றுமில்லை. கனவுக் கல்லூரியில் ஈடியை வீணடிப்பதுதான் அக்டோபரில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு.

இந்த எண்களை எங்கே பார்ப்பது? கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடினால் பெரும்பாலான கல்லூரிகளின் ஆவணம் கிடைக்கும். அதில் நான்கு இடம் போதும். சி21இல் ஈடிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் என்று இருக்கும். சி9இல் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி, அதற்கு இணையான ஏசிடி தேர்வு ஆகியவற்றின் மதிப்பெண் வரம்பும், எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். சி7 எதற்கு எவ்வளவு மதிப்பு என்ற பட்டியல்; அதில் 'விண்ணப்பதாரரின் ஆர்வம்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'முக்கியம்' என்று குறித்திருந்தால் இணையவழித் தகவல் கூட்டத்தில் பிள்ளையின் மின்னஞ்சலில் பதிவு செய்து கலந்துகொள்வது, வளாகத்தைப் பார்க்கப் போனால் பெயரைப் பதிவு செய்வது எல்லாம் கணக்கில் சேரும். 'கருதப்படுவதில்லை' என்று இருந்தால் அந்த நேரத்தைத் தூங்கிக் கழிக்கலாம். எச்2ஏ என்ற இடம், பணத் தேவை இல்லாதவர்களுக்கும் தகுதி அடிப்படையில் எவ்வளவு உதவித்தொகை தருகிறார்கள் என்று சொல்லும். அடுத்த பகுதிக்கு அது வேண்டும்.

ஈடியின் விலை

பெரிய தனியார் கல்லூரிகள் பலவற்றில் முழுச் செலவு வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஈடி போட்டவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சலுகைக் கடிதம் கையில் இருக்காது. ஐவி லீகின் எட்டுக் கல்லூரிகளும் தகுதி உதவித்தொகை தருவதே இல்லை. வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். பெற்றோர் இருவரும் வேலையில் இருந்து, வருமானம் அந்த உதவி கிடைக்காத அளவுக்கு அதிகமாகவும், நான்கு வருடத்துக்கு 3,60,000 டாலரைச் சும்மா எடுத்து வைக்க முடியாத அளவுக்குக் குறைவாகவும் இருக்கும் நடுவீடுகள்தான் இதில் மாட்டிக்கொள்வது. அப்படிப்பட்ட வீட்டுக்கு எச்2ஏயில் பெரிய எண் காட்டும் கல்லூரிகளுக்கு ஈஏ போட்டு, மார்ச்சில் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே லாபம்.

ஈடி போடுவதற்கு முன், செப்டம்பரிலேயே, கல்லூரியின் இணையதளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதை மதிப்பிடும் கருவி) எண்களைப் போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டங்களில் பங்கேற்கும் கல்லூரிகள் 2011 முதல் இதை வைத்தாக வேண்டும். சராசரிச் சம்பளக் குடும்பத்துக்கு அது தரும் விடை ஓரளவு நெருங்கி வரும். சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: சொந்தத் தொழில், பிரிந்து வாழும் பெற்றோர், வாடகைக்கு விட்ட வீடு, ஊரில் பெற்றோர் பெயரில் இருக்கும் மனை, நிலம், வைப்புத் தொகை. உதவித்தொகைக்காகப் பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் வெளிநாட்டுச் சொத்தையும் கேட்கும். கால்குலேட்டரில் அதைப் போடாமல் 'நமக்கு 35,000தான் வருகிறது' என்று நம்பி ஈடி போட்டவர்களுக்கு டிசம்பரில் வேறு எண் வரும்.

இன்னொரு கண்ணி: கணக்கில் எடுப்பது முந்தைய ஆண்டுக்கும் முந்தைய ஆண்டின் வரித்தாக்கல். 2027 இலையுதிர்காலத்தில் சேர்பவருக்கு 2025 வருமானம். அந்த வருடம் கம்பெனிப் பங்குகளை விற்று வீட்டுக் கடனை அடைத்திருந்தால், அந்த ஒற்றை வருட லாபம் வழக்கமான சம்பளம்போலவே படிக்கப்படும். உதவித்தொகை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, விற்பனை ஒருமுறைதான் என்று ஆவணத்தோடு காட்டலாம். பல நேரம் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் ஈடி பதிலுக்குப் பிறகு அதற்குக் கிடைப்பது சில வாரங்களே.

பணம் போதாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கக் கேட்கலாம். அந்த வழி உண்மையிலேயே உண்டு. 'இந்த உதவியோடு எங்களால் கட்ட முடியாது' என்பது அதற்கான காரணம். 'வேறு கல்லூரியில் இதைவிட அதிகம் தருவார்கள்' என்பது காரணமல்ல.

மத்திய அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவம், சிஎஸ்எஸ் புரொஃபைல் இரண்டும் அக்டோபர் 1ஐ ஒட்டித் திறக்கும். ஈடி மாணவருக்கான உதவி ஆவணங்களை பெரும்பாலான கல்லூரிகள் நவம்பரிலேயே கேட்கும். சிஎஸ்எஸ்ஸுக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். குடும்ப வருமானம் 1,00,000 டாலர் வரை என்றால் கட்டணமில்லை.

எச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு

எச்-4 என்பது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா. பள்ளி முழுக்க இங்கேயே படித்திருந்தாலும், கிரீன் கார்டு கையில் வராதவரை ஃபாஃப்சா உதவி கிடையாது. ஐ-140 (வேலை தருபவரின் கிரீன் கார்டு மனு) அங்கீகாரம் ஆகியிருப்பதும் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருப்பதும் இதை மாற்றாது. பல தனியார் கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் இந்தப் பிள்ளைகளைச் சர்வதேச மாணவர் வரிசையில் வைக்கின்றன. அந்த வரிசையில் உதவி கேட்டாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையும். உதவி கேட்பதைப் பார்க்காமல் முடிவெடுக்கும் கல்லூரிகள் மிகச் சில. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின், பிரவுன் அவற்றில் அடங்கும்.

அதனால் ஈடிக்கு முன் கல்லூரிக்கு மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வைக்க வேண்டும். எச்-4 மாணவரின் விண்ணப்பத்தை எந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறீர்கள்? உதவி கேட்டால் அது சேர்க்கை முடிவைப் பாதிக்குமா? முதல் வருடம் உதவி கேட்காமல் சேர்ந்தவர், நடுவில் கிரீன் கார்டு வந்தால் கேட்கலாமா? மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில கல்லூரிகளில் முதல் வருடம் கேட்காத சர்வதேச மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம் வேறு விஷயம். பல மாநிலங்களில் எச்-4 குடும்பத்துக்கும் அது கிடைக்கும், ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விண்ணப்பத்தோடு தனியாக ஒரு வதிவிடப் படிவமும், பெற்றோரின் வரித்தாக்கலும், வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். அந்தப் படிவத்தைத் தவறவிட்டால் முதல் பில் வெளிமாநிலக் கட்டணத்தில் வரும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், கல்லூரி நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். நான்கு வருடக் கணக்கு போடும்போது கடைசி வருடத்தை அந்த விசாவிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஈஏ: கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியது

இங்கே ஒப்பிட அதிகமில்லை. ஈஏ இருக்கும் இடத்துக்கு ரெகுலரில் அனுப்புவதற்கு ஒரே நல்ல காரணம், விண்ணப்பம் இன்னும் தயாராகவில்லை என்பது. மேரிலாந்தில் ஆனர்ஸ் கல்லூரிக்கும் தகுதி உதவித்தொகைக்கும் நவம்பர் 1 ஈஏதான் வாசல். பர்டூவிலும் ஈஏக்குப் பிறகு வருபவர்களுக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற நெரிசலான படிப்புகளில் மிஞ்சுவது குறைவு. யூஎஸ்சியில் (தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம்) தகுதி உதவித்தொகைக்குக் கடைசித் தேதி நவம்பர் 1. யூடி ஆஸ்டின் (ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) 2024 முதல் அக்டோபர் 15இல் ஈஏ வைத்திருக்கிறது. ஜார்ஜியா டெக், ஜார்ஜியா மாநில மாணவர்களுக்கு அக்டோபர் 15, மற்றவர்களுக்கு நவம்பர் 1 என்று பிரித்திருக்கிறது. அக்டோபர் 15 என்பதை நவம்பர் 1 என்று குழப்பிக்கொள்வது வருடா வருடம் நடக்கிறது.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. யூடி ஆஸ்டினில் தானாக இடம் கிடைக்கும் வரம்பு 2026 சேர்க்கையிலிருந்து வகுப்பில் மேல் 6 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. உத்தரவாதம் பல்கலைக்கழகத்துக்குத்தான், படிப்புக்கு அல்ல. ரேங்க் 3 சதவீதத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்காமல் போகலாம்.

படிப்புத் தேர்வும் சுற்றைப் போலவே விளைவுள்ள முடிவு. 'எளிதான மேஜரில் நுழைந்து உள்ளே மாறிக்கொள்ளலாம்' என்ற யோசனை இல்லினாயிலும் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் செல்லாது. கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு உள்ளிருந்து மாறும் கதவு அங்கே ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. அதற்கு மாற்றாக, இல்லினாயில் கம்ப்யூட்டர் சயன்ஸோடு மொழியியல், பொருளாதாரம் போன்றவற்றை இணைத்த பட்டங்கள் உண்டு. பிள்ளைக்கு அந்த இரண்டாவது பாடத்தில் ஏற்கெனவே ஏதாவது தடம் இருந்தால் அது உண்மையான வழி. இல்லாவிட்டால் கட்டுரையிலேயே சாயம் வெளுத்துவிடும்.

ரெகுலர் யாருக்கு

பதினொன்றாவதில் சரிந்து பன்னிரண்டாவதில் எழுகிற மாணவருக்கு ரெகுலர் நல்லது. முதல் செமஸ்டர் மதிப்பெண் பிப்ரவரியில் மிட்-இயர் ரிப்போர்ட்டாகப் போய்ச் சேரும். நவம்பரில் விண்ணப்பத்தைப் படிப்பவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். நவம்பர், டிசம்பர் எஸ்ஏடியை நம்பி இருப்பவருக்கும் இதுவே.

யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கு எர்லி என்ற பேச்சே இல்லை. அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை சமர்ப்பிக்கலாம். முதல் நாள் அனுப்பினாலும் கடைசி நாள் அனுப்பினாலும் ஒன்றுதான், ஆனால் கடைசி இரவில் சர்வர் தடுமாறும். எஸ்ஏடியைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில். ஒரு வளாகத்துக்கு 80 டாலர். ஜிபிஏவில் (மதிப்பெண் சராசரி) பத்தாவது, பதினொன்றாவது மதிப்பெண்கள் மட்டும் சேரும், ஆகவே ஒன்பதாவதில் தடுமாறிய பிள்ளைக்கு யூசி சற்று இரக்கமான இடம். மதிப்பெண்களை மாணவரே தட்டச்சு செய்ய வேண்டும், டிரான்ஸ்கிரிப்ட் கோடையில்தான் சரிபார்க்கப்படும். 'பி'யை 'ஏ' என்று கைதவறிப் போட்டிருந்தாலும் ஜூலையில் இடம் ரத்தாகலாம். டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஏற்றுங்கள், இன்னொருவர் படித்துச் சரிபார்க்கட்டும்.

எஸ்ஏடி இன்னொரு முறையா, கட்டுரைக்கு நேரமா

எம்ஐடி, ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுன், கார்னெல், ஸ்டான்ஃபோர்ட், கால்டெக், ஜார்ஜியா டெக், பர்டூ, யூடி ஆஸ்டின் எல்லாம் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. யேல் எஸ்ஏடிக்குப் பதில், பள்ளியில் எழுதும் உயர்நிலைப் பாடத் தேர்வுகளான ஏபி அல்லது ஐபியின் மதிப்பெண்ணை ஏற்கும். ஆக, 'அனுப்பாமலேயே விடலாம்' என்பது இப்போது பட்டியலைப் பொறுத்த விஷயம்.

இன்னொரு முறை எழுதலாமா என்பதற்கு ஒரு நடைமுறை அளவுகோல்: எஸ்ஏடி எழுதப் பயன்படும் புளூபுக் செயலியில் உள்ள முழு மாதிரித் தேர்வுகளில் இரண்டை, சனிக்கிழமை காலை, நேரம் வைத்து எழுதட்டும். இரண்டிலும் பழைய மதிப்பெண்ணைவிட 40 புள்ளியாவது கூடுதலாக வந்தால் பதிவு செய்யுங்கள். வராவிட்டால் அசல் தேர்வில் வரும் என்று எதிர்பார்ப்பது வெறும் ஆசை. பெரும்பாலான கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளின் உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக்கொள்வதால், கணிதம் 780 வாங்கியவர் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் தயாரித்தால் போதும்.

இப்போதைய தேர்வு 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் 54 கேள்விகள், 64 நிமிடம். கணிதம் 44 கேள்விகள், 70 நிமிடம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூல். முதல் மாட்யூலில் எப்படிச் செய்கிறார் என்பதை வைத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதான இரண்டாவது வந்துவிட்டால் அதை முழுதும் சரியாகப் போட்டாலும் மேல்மட்ட மதிப்பெண் கிடைக்காது. முதல் மாட்யூலில் அவசரப்பட்டுச் செய்யும் கவனக்குறைவுப் பிழைதான் 1550ஐ 1450 ஆக்குவது. ஆகஸ்ட் தேர்வுக்கு ஜூனிலேயே பதிய வேண்டும். பக்கத்து மையங்கள் நிறைந்துவிட்டால் இரண்டு மணி நேரம் காரோட்ட வேண்டி வரும்.

கட்டாயமில்லாத கல்லூரிக்கு அனுப்புவதா? சி9 வரம்பின் நடுவிலோ மேலோ இருந்தால் அனுப்பலாம். கீழ் எல்லைக்கும் நடுவுக்கும் இடையில் இருந்தால், எத்தனை பேர் அனுப்பினார்கள் என்ற சதவீதத்தைப் பாருங்கள். பாதிப் பேர்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அந்த வரம்பே உயர்ந்தவர்களை மட்டும் வைத்துப் போட்டது. கீழ் எல்லையை ஒட்டிய மதிப்பெண் அங்கே அவ்வளவு மோசமில்லை.

கட்டுரைப் பக்கம் நேரத்தின் அளவைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். காமன் ஆப் கட்டுரை 650 சொற்கள், அது ஒன்றுதான். பத்துக் கல்லூரி என்றால் துணைக் கட்டுரைகள் இருபதை எளிதில் தாண்டும். 1480 உள்ளவருக்கு அடுத்த 30 புள்ளிக்குச் செலவாகும் நாற்பது மணி நேரம், 'ஏன் எங்கள் கல்லூரி' கட்டுரைகளுக்குப் போனால் பலன் அதிகம்; ஏனென்றால் பெரும்பாலானவை மோசமாகத்தான் வருகின்றன. கல்லூரிப் பெயரை அழித்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது என்றால் அந்தக் கட்டுரை தோற்றுவிட்டது. இரண்டாம் வருடத்தில் எடுக்கப்போகும் ஒரு குறிப்பிட்ட பாடம், ஒரு ஆய்வகம், அதற்கும் பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒன்றுக்கும் உள்ள தொடர்பு. இந்த மூன்றும் இருந்தால் 200 சொற்கள் போதும்.

அரங்கேற்றம் பற்றி எழுதலாமா என்று எல்லா வருடமும் கேட்கிறார்கள். எழுதலாம். சலங்கை, மேடை, தாத்தா பாட்டி கண்ணீர் என்று போகும் கட்டுரையைச் சேர்க்கை அலுவலர் அன்றைக்கே இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார். வர்ணத்தில் ஒரு ஜதியைப் பிடிக்க முடியாமல் ஆறு வாரம் என்ன செய்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

செயல்பாடுகள் பட்டியலில் பத்து இடம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துக்குறிகள். 'தமிழ்ப் பள்ளியில் ஆர்வத்தோடு சேவை' என்பதைவிட 'இரண்டாம் நிலை, 12 குழந்தைகள், வாரம் 2 மணி, பாடத்தாள் தானே தயாரித்தது' என்பது அதே இடத்தில் நான்கு மடங்கு சொல்கிறது. இருமொழித் தேர்ச்சி முத்திரையைப் பல மாநிலங்கள் தருகின்றன, தமிழுக்கும் தேர்வு எழுதிப் பெற முடியும். பள்ளி அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கவுன்சிலரைச் செப்டம்பரிலேயே கேளுங்கள். செப்டம்பரில் புதிதாகத் தொடங்கும் தொண்டு நிறுவனமும், காசு கொடுத்து வாங்கும் ஆய்வுக் கட்டுரையும் நேரத்துக்கும் பணத்துக்கும் தகாதவை. பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

பரிந்துரைக்கு, பதினொன்றாவதில் முக்கியப் பாடம் எடுத்த இரண்டு ஆசிரியர்களைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். பன்னிரண்டாவதில் கால்குலஸை விட்டுவிட்டு இன்ஜினியரிங் கேட்காதீர்கள். அனுப்பிய பிறகு பாடத்தைக் கைவிட்டால் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டது இறுதி டிரான்ஸ்கிரிப்டில் தெரிந்து இடம் பறிபோனவர்கள் உண்டு.

வீட்டைப் பொறுத்து

கிரீன் கார்டோ குடியுரிமையோ உண்டு, கால்குலேட்டர் காட்டும் தொகை தாங்கும், பிள்ளை வரம்புக்குள் இருக்கிறாள் என்றால் ஈடியும், கூடவே நான்கைந்து மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஈஏயும். வருமானம் அதிகம், சேமிப்பு குறைவு, அடுத்து இன்னொரு பிள்ளை பத்தாவதில் என்றால் ஈடி வேண்டாம். ஈஏயைப் பரவலாகப் போட்டு தகுதி உதவித்தொகைக்குக் காத்திருக்கலாம். நேஷனல் மெரிட் (பிஎஸ்ஏடி தேர்வை வைத்துத் தரும் தேசிய உதவித்தொகை) இறுதிப் பட்டியலில் வருகிற வாய்ப்பிருந்தால் யூடி டாலஸ், அலபாமா இரண்டையும் பட்டியலில் வையுங்கள். எச்-4, உதவி அவசியம் என்றால் உள்மாநில ஈஏ முதலில். ஈடி, எழுத்தில் பதில் வந்த கல்லூரிக்கு மட்டும். கலிஃபோர்னியாவில் இருந்து, ஜிபிஏ இந்த வருடம் கைகொடுக்காவிட்டால் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து மாறும் வழி இருக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறும் நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடத்துக்கு உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை.

டிசம்பர் நடுவில் ஈடி பதில் 'இல்லை' என்றோ 'தள்ளிவைத்திருக்கிறோம்' என்றோ வந்தால், ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. தள்ளிவைத்த கல்லூரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதலாம்: நவம்பருக்குப் பிறகு நடந்தவை, புதிய மதிப்பெண், இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன் என்ற ஒரு வரி, அது உண்மையாக இருந்தால் மட்டும். வேறு கல்லூரிக்கு ஈடி2 போடுவதென்றால் அந்த வரியை எழுதக் கூடாது. ஈடி2 கடைசித் தேதிக்கு அப்போது பதினைந்து நாள்தான் மிச்சம், நடுவில் விடுமுறை, கவுன்சிலர் ஊரில் இருக்க மாட்டார். அதனால் ஈடி2 கல்லூரி எது, அங்கே பணக் கணக்கு என்ன, துணைக் கட்டுரைகள் என்னென்ன என்பதை நன்றி நவிலல் விடுமுறையிலேயே முடித்து, கவுன்சிலரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள். முதல் ஈடியில் கிடைத்துவிட்டால் அந்தக் கோப்பை அழித்துவிடலாம்.